கடை பிரெட், வீட்டு பிரெட்: பேக்கரிப் பண்டங்களில் என்னதான் சேர்க்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பிரெட்டும் கேக்கும் செய்யக் கற்றுக்கொடுக்கிறேன். செய்முறையைப் பற்றி வரும் கேள்விகளைவிடக் கடைப் பண்டங்களைப் பற்றி வரும் சந்தேகங்கள்தான் அதிகம். "282 என்றால் விஷமா?", "மைதாவில் சர்க்கரை நோய் வரவைக்கும் மருந்து கலக்கிறார்களாமே?" என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டிக் கேட்கிறார்கள். கவலைப்பட வேண்டிய விஷயங்கள் நிச்சயமாக உண்டு. ஆனால் பலரும் கவலைப்படுவது அவற்றைப் பற்றி இல்லை என்பதுதான் என் வருத்தம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பிரெட் பாக்கெட்டின் பின்புறம் இருக்கும் எண்கள் என்ன?

ஐ.என்.எஸ் எண்கள். உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு பொருளுக்கும் சர்வதேச அளவில் கொடுத்திருக்கும் அடையாள எண். ஐரோப்பாவில் இதே எண்களுக்கு முன்னால் 'ஈ' என்ற எழுத்தைப் போடுவார்கள். ஒரு பொருளுக்கு எண் இருக்கிறது என்பதாலேயே அது கெட்டது என்று ஆகாது. வைட்டமின் சி-க்கு 300, வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்துக்கு 260, நம் வீட்டு ஆப்ப சோடாவுக்கு 500.

நம் ஊரில் விற்கும் சாதாரண சாண்ட்விச் பிரெட்டின் பட்டியல் ஏறக்குறைய இப்படி இருக்கும்: மைதா, தண்ணீர், சர்க்கரை, ஈஸ்ட், பாமாயில், உப்பு, கோதுமை குளூட்டன் (கோதுமையின் புரதம்), சோயா மாவு, பிரெசர்வேட்டிவ் (282, 200), எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்துவைக்கும் எமல்சிஃபயர் (471, 481, 472-ஈ), மாவைப் பக்குவப்படுத்தும் பொருள் (300, 1100). எடை அதிகமானது முதலில் வர வேண்டும், குறைவானது கடைசியில் வர வேண்டும் என்பது விதி. எண்கள் எல்லாம் கடைசியில் இருப்பதற்குக் காரணம் அதுதான். மொத்தமாகச் சேர்த்தாலும் மாவில் ஒன்றிரண்டு சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம்.

282 என்பது என்ன? அதனால்தான் பிரெட் ஒரு வாரம் கெடாமல் இருக்கிறதா?

ஆமாம். 282 என்பது கால்சியம் புரோப்பியோனேட். பூஞ்சைக்கு எதிரானது.

ஓவனில் இருந்து வெளியே வரும்போது பிரெட்டின் உட்புறம் 95 டிகிரி வரை சூடாகியிருக்கும். பூஞ்சை எதுவும் அதில் பிழைத்திருக்காது. அப்புறம் எப்படிப் பூஞ்சை வருகிறது? ஆறவைக்கும்போதும், துண்டு போடும்போதும், பாக்கெட்டில் அடைக்கும்போதும் காற்றிலிருந்தும் கத்தியிலிருந்தும் வந்து ஒட்டிக்கொள்கிறது. முழு பிரெட்டாக இருந்தால் மேல்தோல் ஓரளவு காப்பாற்றும். இருபது துண்டு போட்டால் இருபது துண்டின் இரண்டு பக்கமும் பூஞ்சைக்குத் திறந்த வாசல். அதற்கு மேல் பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் வேறு. கோவை தொழிற்சாலையில் அடைத்த பிரெட் லாரியில் கிளம்பி, இராமநாதபுரத்தில் ஒரு பெட்டிக்கடையின் கொக்கியில் மே மாத வெயிலில் நான்கு நாள் தொங்க வேண்டும் என்றால் இந்த மாதிரி ஏதோ ஒன்று இல்லாமல் முடியாது.

இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. மண்ணிலும் மாவிலும் இருக்கும் ஒரு வகை பேசில்லஸ் பாக்டீரியாவின் வித்துகள் ஓவன் சூட்டையே தாங்கிவிடும். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் இரண்டாம் நாள் பிரெட்டின் நடுப்பகுதி பிசுபிசுவென்று ஆகி, அழுகிய பழம் போல வாடை வரும். ஊசிப்போன வடையைப் பிய்த்தால் நூல் வருமே, அதேபோல் இதிலும் நூல் இழுக்கும். 282 அதையும் தடுக்கிறது. வீட்டில் செய்யும்போது இதே வேலையை மாவில் ஒரு ஸ்பூன் வினிகர் ஓரளவு செய்துவிடும். அமிலம் இருந்தால் அந்த பாக்டீரியாவால் தலைதூக்க முடியாது.

உடம்புக்கு என்ன செய்கிறது என்றால், புரோப்பியோனிக் அமிலம் நம் குடலில் நார்ச்சத்து புளிக்கும்போது தானாகவே உண்டாகும் பொருள்தான். துளை துளையாக இருக்கும் சுவிஸ் பாலாடைக்கட்டியிலும் இயற்கையாகவே இருக்கிறது. 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எலிகளிலும் 14 பேர் கொண்ட ஒரு சிறு குழுவிலும் இது இன்சுலின் தொடர்பான ஹார்மோன்களைக் கொஞ்சம் கூட்டியதாகத் தெரிந்தது. அது மேலும் ஆராய வேண்டிய விஷயம். அதை வைத்து 'விஷம்' என்று சொல்வது நியாயமில்லை. பூஞ்சை பிடித்த பிரெட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடுவது இதைவிடப் பல மடங்கு தவறு. கண்ணுக்குத் தெரியும் பச்சைப் புள்ளியைத் தாண்டி உள்ளே வேர் ஓடியிருக்கும். அந்த பாக்கெட்டை முழுதாகத் தூக்கிப் போடுங்கள்.

வீட்டு பிரெட் மறுநாளே காய்ந்து கெட்டியாகிறது. கடை பிரெட் ஐந்தாம் நாளும் பஞ்சு மாதிரி இருக்கிறது. எப்படி?

கெட்டுப்போவது வேறு, கெட்டியாவது வேறு. பலரும் 'பிரெசர்வேட்டிவ் போட்டிருப்பதால் மெத்தென்று இருக்கிறது' என்கிறார்கள். பிரெசர்வேட்டிவுக்கும் மென்மைக்கும் சம்பந்தம் இல்லை.

மாவுச்சத்து ஓவன் சூட்டில் தண்ணீரை இழுத்துக்கொண்டு கூழ் ஆகிறது. ஆறியதும் அந்த மாவுச்சத்தின் மூலக்கூறுச் சரங்கள் மெதுவாக மறுபடியும் நெருங்கி அடுக்கிக்கொள்ள ஆரம்பிக்கும். அதனால்தான் கெட்டித்தன்மை. ஈரம் ஆவியாகாமல் டப்பாவில் மூடி வைத்தாலும் இது நடக்கும். பழைய பிரெட்டைத் தோசைக்கல்லில் சூடாக்கினால் சற்று நேரம் மறுபடியும் மெத்தென்று ஆவது, அந்த அடுக்கு சூட்டில் கலைவதால்தான்.

தொழிற்சாலையில் இதை இரண்டு வழிகளில் தள்ளிப்போடுகிறார்கள். 471, 481 போன்ற எமல்சிஃபயர்கள் மாவுச்சத்துச் சரங்களோடு ஒட்டிக்கொண்டு அவை அடுக்கிக்கொள்ளாமல் தடுக்கும். 1100 என்ற அமைலேஸ் நொதி அந்தச் சரங்களின் நுனிகளை வெட்டிக் குட்டையாக்கிவிடும். இரண்டாவது முறை வந்த பிறகுதான் ஒரு வாரம் மெத்தென்று இருக்கும் பிரெட் சாத்தியமானது. நம் உமிழ்நீரிலும் அமைலேஸ் இருக்கிறது. பேக் ஆகும்போது ஓவன் சூட்டில் இந்த நொதி பெரும்பாலும் செயலிழந்துவிடும்.

இன்னொரு பழைய கதையும் இதில் இருக்கிறது. 1961இல் இங்கிலாந்தின் சோர்லிவுட் என்ற ஊரில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில், மாவை மணிக்கணக்கில் புளிக்கவிடாமல் அதிவேக மிக்ஸரில் சில நிமிடம் அடித்து, வைட்டமின் சி-யும் கொஞ்சம் கெட்டிக் கொழுப்பும் சேர்த்து பிரெட் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார்கள். நேரம் மிச்சம், குறைந்த புரதம் உள்ள மாவும் போதும். உலகம் முழுக்கப் பல பெரிய ஆலைகள் அந்த வழியில் போயின. மாவு மெதுவாகப் புளிக்கும்போது தானாக வரும் பக்குவமும் மணமும் அமிலமும் வெளியிலிருந்து சேர்க்க வேண்டியதாகிவிட்டன. பட்டியலில் இருக்கும் பாதி எண்கள் அந்த நேரத்துக்கு ஈடாகப் போடுபவை. வீட்டில் நமக்கு நேரம் இருக்கிறது, அதனால் அவை தேவைப்படுவதில்லை. கடை பிரெட்டுக்கும் வீட்டு பிரெட்டுக்கும் உள்ள நிஜமான வித்தியாசமாக நான் பார்ப்பது இதைத்தான்.

ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

பூஞ்சை வருவது தள்ளிப்போகும், ஆனால் மேலே சொன்ன கெட்டியாகும் வேலை ஃப்ரிட்ஜ் குளிரில்தான் மிக வேகமாக நடக்கும். இரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்றால் வெளியே வையுங்கள். இல்லையென்றால் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்து நேராகக் கல்லில் போடுங்கள். ஃப்ரீசரில் மூன்று வாரம் வரை நன்றாக இருக்கும்.

பொட்டாசியம் புரோமேட் இன்னும் பிரெட்டில் இருக்கிறதா?

மாவை வலுவாக்கச் சேர்த்துக்கொண்டிருந்த இந்த ரசாயனத்துக்கு இந்தியாவில் 2016 ஜூன் முதல் தடை. அதற்கு முந்தைய மாதம் டெல்லியில் இருக்கும் சி.எஸ்.இ என்ற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பு 38 வகை பிரெட், பாவ், பன், பீட்சா அடித்தளம் ஆகியவற்றைச் சோதித்து, 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருந்ததாக அறிவித்தது. நாடு முழுக்கப் பேச்சாகி, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சில வாரங்களிலேயே புரோமேட்டை அனுமதிப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது.

இந்தப் பொருளைப் பற்றிய பயம் நியாயமானது. மாவின் குளூட்டனை வலுவாக்கி பிரெட்டை உப்பவைக்கும். விலையும் மலிவு. பேக் ஆகும்போது முழுக்கச் சிதைந்து தீங்கில்லாத புரோமைடாக மாறிவிடும் என்ற நம்பிக்கையில்தான் பல காலம் பயன்படுத்தினார்கள். அளவு கூடினாலோ, சூடு போதவில்லை என்றாலோ மிச்சம் தங்கிவிடும். எலிகளுக்கு இதனால் சிறுநீரகத்தில் கட்டி வந்ததை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1980களிலேயே காட்டினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று கருதும் '2பி' வகையில் இதைச் சேர்த்திருக்கிறது. இங்கிலாந்தில் 1990இலேயே தடை. அமெரிக்காவில் நாடு தழுவிய தடை இன்னும் வரவில்லை. கலிபோர்னியா மாநிலம் 2023இல் சட்டம் போட்டு 2027 ஜனவரியில் இருந்து தடுக்கிறது.

பெரிய நிறுவனங்கள் இப்போது வைட்டமின் சி-க்கும் நொதிகளுக்கும் மாறிவிட்டன. உள்ளூர் பேக்கரியில் வாங்கும்போது, மாவைப் பக்குவப்படுத்த என்ன 'இம்ப்ரூவர்' போடுகிறீர்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பொறுப்பான கடைக்காரர் பாக்கெட்டை எடுத்துக் காட்டுவார்.

மைதாவை வெளுக்க அலாக்சான் போடுகிறார்கள், அதனால் சர்க்கரை நோய் வருகிறது என்பது உண்மையா?

இல்லை. இது தமிழ்நாட்டில் பல வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் செய்தி, பரோட்டாவைப் பற்றிப் பேச்சு வந்தாலே வந்துவிடும். அலாக்சான் என்பது சோதனைக்கூடத்தில் எலிகளுக்கும் முயல்களுக்கும் ஊசி மூலம் செலுத்திச் சர்க்கரை நோயை உண்டாக்கப் பயன்படும் ரசாயனம். மாவு ஆலையில் அதைச் சேர்ப்பதில்லை. மாவை வெளுக்க உலகில் பயன்படுத்தியவை குளோரின் வாயு, பென்சாயில் பெராக்சைடு போன்றவை. ஐரோப்பாவில் அவற்றுக்கும் அனுமதி இல்லை. வெளுப்பதால் அலாக்சான் ஏதாவது துளி அளவில் உண்டானால்கூட, உடம்புச் சூட்டில் நீரில் ஓரிரு நிமிடத்திலேயே சிதையத் தொடங்கிவிடும் பொருள் அது.

இந்த வதந்தியால் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் வேறு. மைதாவுக்கு உண்மையாகவே ஒரு குறை இருக்கிறது. தவிடும் முளையும் நீக்கிய மாவு அது. நார்ச்சத்து போய்விட்டது, ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். இதைச் சொன்னால் யாரும் பகிர்வதில்லை. 'அலாக்சான் இல்லாத மைதா' என்று சொல்லி யாராவது விற்றால் நிம்மதியாக வாங்கி தினமும் சாப்பிடுவார்கள்.

பிரவுன் பிரெட் நல்லதுதானே?

நிறத்தைப் பார்க்காதீர்கள், பட்டியலில் முதல் வரியைப் பாருங்கள். மைதா முதலில் வந்து, கடைசியில் 150-ஏ அல்லது 150-சி என்று இருந்தால் அது கேரமல் நிறம் ஏற்றிய மைதா பிரெட். முகப்பில் ஆட்டா, ராகி, மல்டிகிரெயின் என்று பெரிதாகப் போட்டிருந்தால் அது எத்தனை சதவீதம் என்பதையும் பட்டியலில் சொல்ல வேண்டும். ராகி பிரெட் என்று வாங்கியதில் ராகி எவ்வளவு என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பிஸ்கட், ரஸ்க், தூத்துக்குடி மக்ரூன் எல்லாம் மாதக்கணக்கில் இருக்கின்றனவே. அவற்றில் பிரெசர்வேட்டிவ் அதிகமா?

பெரும்பாலும் துளிகூட இருக்காது. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வேண்டியது தண்ணீர். பிரெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். பிஸ்கட்டிலும் ரஸ்கிலும் அது சில சதவீதத்துக்கு வந்துவிடும். தூத்துக்குடி மக்ரூனையே எடுத்துக்கொள்ளுங்கள்: முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, அவ்வளவுதான். மெல்லிய சூட்டில் மெதுவாக உலரவிடுவதால் காற்றுப்படாத டப்பாவில் நீண்ட நாள் தாங்குகிறது. கிறிஸ்துமஸ் பிளம் கேக் ஈரமாக இருந்தும் கெடாமல் இருப்பதற்குச் சர்க்கரையும் உலர்பழமும் ரம்மும் காரணம், தண்ணீர் எல்லாவற்றையும் அவை பிடித்து வைத்துக்கொள்கின்றன.

ஆனால் பிஸ்கட்டில் எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் இருக்க 319, 320 போன்ற ஆன்டிஆக்சிடன்ட் இருக்கலாம். மொறுமொறுவென்று உப்ப 503 என்ற அம்மோனியம் பைகார்பனேட் இருக்கும். அதைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, ஒரு பாக்கெட்டில் எத்தனை கிராம் சர்க்கரை என்று பார்ப்பது முக்கியம். பல க்ரீம் பிஸ்கட்டுகளில் எடையில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை.

கேக் மேல் வைக்கும் செர்ரி, பன்னில் இருக்கும் டூட்டி ஃப்ரூட்டி: இவை நிஜப் பழமா?

பழம்தான், ஆனால் நீங்கள் நினைக்கும் பழம் இல்லை. நம் ஊர் பேக்கரி செர்ரி பெரும்பாலும் களாக்காய். கொட்டையை எடுத்து, புளிப்பை நீக்கி, சர்க்கரைப் பாகில் நாள் கணக்கில் ஊறப்போட்டுச் சிவப்பு நிறம் ஏற்றியது. டூட்டி ஃப்ரூட்டி என்பது பச்சைப் பப்பாளிக்காயைச் சிறு சதுரமாக வெட்டிப் பாகில் ஊறவைத்தது. இரண்டுமே வீட்டில் செய்யக்கூடியவை. பப்பாளித் துண்டை பீட்ரூட் சாறு கலந்த பாகில் ஊறவைத்தால் அழகான நிறம் வரும்.

என்னைக் கேட்டால் பேக்கரி விஷயத்தில் அதிகம் கவனிக்க வேண்டியது நிறங்களைத்தான். இந்தியாவில் உணவுக்கு அனுமதித்த செயற்கை நிறங்கள் எட்டு. அவற்றில் டார்ட்ரசின் (102), சன்செட் எல்லோ (110), கார்மோய்சின் (122), பான்சோ 4 ஆர் (124) ஆகிய நான்கும், 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில் இருந்த ஆறு நிறங்களில் அடங்கும். சில குழந்தைகளின் துறுதுறுப்பு கூடியதாகவும் கவனம் குறைந்ததாகவும் அதில் தெரிந்தது. தடை செய்யும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று முடிவு செய்தாலும், 2010 முதல் இந்த நிறங்கள் இருந்தால் பாக்கெட்டிலேயே எச்சரிக்கை போட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. செர்ரியில் வழக்கமாகப் போடும் எரித்ரோசினுக்கு (127) 2025 ஜனவரியில் அமெரிக்கா அனுமதியை ரத்து செய்தது.

இவை அனுமதி பெற்ற நிறங்கள். அனுமதியே இல்லாத ரோடமின் பி என்ற சாய நிறத்தைப் பஞ்சுமிட்டாயில் கண்டுபிடித்து, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அந்தப் பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்தது நினைவிருக்கும். பெயர் தெரியாத, லேபிள் இல்லாத நிறப் பொடி எங்கே இருந்தாலும் இந்த ஆபத்து உண்டு. பிறந்தநாள் கேக்கில் அடர்நீலம், கருஞ்சிவப்பு, கறுப்பு க்ரீம் கேட்காதீர்கள். வெளிர் நிறத்துக்குச் சில துளி போதும், அடர்நிறத்துக்கு அள்ளிப் போட வேண்டும். சாப்பிட்ட குழந்தையின் நாக்கே நீலமாகிவிடுகிறது என்றால் எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று யோசியுங்கள்.

க்ரீம் கேக்கில் இருப்பது பால் க்ரீமா?

பெரும்பாலான கடைகளில் இல்லை. பாமாயில் கொட்டையில் இருந்து எடுத்து ஹைட்ரஜன் ஏற்றிய கொழுப்பு, தண்ணீர், சர்க்கரை, அதை நுரையாக நிற்கவைக்க எமல்சிஃபயரும் ஸ்டெபிலைசரும் சேர்ந்த 'விப்பிங் க்ரீம்'. நம் வெயிலில் பால் க்ரீம் நிற்காது என்பது உண்மை. கடையில் பெட்டியில் கிடைக்கும் ஃப்ரெஷ் க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான், 30-க்கு மேல் இருந்தால்தான் அடித்தால் நிற்கும். வீட்டில் செய்பவர்களும் அதனால்தான் அதே விப்பிங் க்ரீமை வாங்குகிறார்கள். மாற்று வேண்டுமென்றால் வெண்ணெய் ஐசிங், அல்லது துணியில் கட்டி நீர் வடித்த கெட்டித் தயிரோடு நாட்டுச்சர்க்கரை. இல்லையென்றால் க்ரீமே இல்லாமல் ஒரு நல்ல வெண்ணெய் கேக்.

பஃப்ஸில் டால்டா, ட்ரான்ஸ் கொழுப்பு?

இதில் நிலைமை நல்லபடியாக மாறியிருக்கிறது. எண்ணெய்க்குப் பாதி அளவு ஹைட்ரஜன் ஏற்றும்போது உண்டாகும் ட்ரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி நல்லதைக் குறைக்கும். இதய நோய்க்கு நேரடித் தொடர்புள்ளது. இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் அதன் உச்ச வரம்பு 2021இல் 3 சதவீதமாகவும், 2022 ஜனவரியில் 2 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. ஆனாலும் பஃப்ஸ் அடுக்கு அடுக்காக வர மார்ஜரின் நிறையத் தேவை, அதில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். தினமும் மாலை டீயோடு ஒரு பஃப்ஸ் என்ற பழக்கம் எந்த எமல்சிஃபயரையும்விட உடம்பைப் பாதிக்கும்.

வீட்டிலேயே செய்தால் இந்த எண்கள் எதுவும் சேராதுதானே?

அப்படிச் சொல்ல முடியாது. பேக்கிங் பவுடர் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், 500-உம் 341 அல்லது 450-உம் இருக்கும். பல கஸ்டர்டு பவுடர்களில் 102, 110. வெனிலா எசன்ஸ் என்பது பெரும்பாலும் செயற்கை வெனிலின். உப்பு வெண்ணெயில் அனாட்டோ நிறம். மார்ஜரின் வாங்கினால் எமல்சிஃபயரும் ஆன்டிஆக்சிடன்ட்டும் கூடவே வரும். முட்டை இல்லாத கேக் மிக்ஸ் பாக்கெட் வாங்கி, கேக் ஜெல் போட்டு, விப்பிங் க்ரீம் பூசினால், அந்த கேக்குக்கும் கடை கேக்குக்கும் வித்தியாசம் ஓவன் இருக்கும் இடம் மட்டும்தான்.

மைதா, முட்டை, வெண்ணெய், சர்க்கரை, கொஞ்சம் பேக்கிங் பவுடர் என்று செய்தால் நிலைமை வேறு. எல்லாமே உங்கள் கண்முன் இருக்கும், சர்க்கரையைக் கால் பங்கு குறைக்கலாம், அன்றே சாப்பிடலாம். ஏலக்காய் தட்டிப் போட்டால் எசன்ஸ் தேவையே இல்லை.

எமல்சிஃபயர் குடலைக் கெடுக்கும் என்று படித்தேன். உண்மையா?

சந்தேகம் எழுந்திருப்பது உண்மை. 2015இல் எலிகளில் நடந்த ஓர் ஆய்வில் 466, 433 ஆகிய இரண்டும் குடல் நுண்ணுயிர்களை மாற்றி, அழற்சியும் எடைக்கூடுதலும் உண்டாக்கின. பிரெட்டில் வழக்கமாக இருக்கும் 471, 481 வேறு பொருள்கள். ஆனாலும் மொத்தமாக இந்த வகைப் பொருள்களை ஆய்வாளர்கள் இப்போது கூர்ந்து கவனிக்கிறார்கள்.

எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் நடத்திய சோதனை. 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் சாதாரணச் சமையல் உணவும் கொடுத்தார்கள். சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம், வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு சாப்பிட்டபோது நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடியது. மென்மையாக, மெல்லாமலேயே இறங்கும் உணவை வேகமாகச் சாப்பிட்டுவிடுகிறோம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். பஞ்சு மாதிரி பிரெட்டில் நான்கு துண்டு எப்படிப் போனது என்றே தெரியாது. அந்த நான்கு துண்டில் சுமார் 500 மில்லிகிராம் சோடியமும் போயிருக்கும், ஒரு நாளைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பில் அது கால் பங்கு.

லேபிளே இல்லாத தெருமுனை பேக்கரியில் வாங்கலாமா?

தாராளமாக, கடையைப் பார்த்து வாங்குங்கள். காலையிலும் மாலையிலும் சுட்டு அன்றன்றே விற்கும் பேக்கரிக்கு 282 தேவைப்படாது. சூடாக வரும் தேங்காய் பன்னுக்கு நிகராக ஆலைப் பன் எதையும் நான் சொல்ல மாட்டேன். எந்த எண்ணெய், எப்போது சுட்டது, முட்டை உண்டா என்று கேளுங்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் கேக், ரோஸ் நிறப் பன், சிக்கு வாடை வரும் உப்பு பிஸ்கட் இருந்தால் வேறு கடைக்குப் போங்கள்.

இம்ப்ரூவர் இல்லாமல் வீட்டில் மெத்தென்ற பிரெட் செய்ய வழி?

உண்டு, கூழ் காய்ச்ச வேண்டும். அரைக் கிலோ மைதாவில் 30 கிராம் எடுத்து 150 மில்லி தண்ணீரில் கரைத்து, அடுப்பில் கிளறிக் கெட்டிக் கூழாக்கி ஆறவிடுங்கள். மீதி மாவோடு இந்தக் கூழ், 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 9 கிராம் உப்பு, 25 கிராம் சர்க்கரை, 30 கிராம் வெண்ணெய், ஒரு டீஸ்பூன் வினிகர், சுமார் 170 மில்லி தண்ணீர். பத்துப் பன்னிரண்டு நிமிடம் நன்றாகப் பிசைந்து, இரண்டு மடங்கு உப்பியதும் அமுக்கி, டின்னில் வைத்து மறுபடியும் உப்பவிட்டு, 200 டிகிரியில் அரை மணி நேரம். கூழில் மாவுச்சத்து முன்னாலேயே நிறையத் தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் மூன்று நாள் வரை மென்மை இருக்கும். முழுக்க ஆறும்வரை, அதாவது இரண்டு மணி நேரமாவது, துண்டு போடாதீர்கள், மூடியும் வைக்காதீர்கள். உள்ளே மாட்டிய நீராவிதான் மறுநாள் பூஞ்சையாக வரும்.

பாதி ஆட்டா சேர்த்தால் தண்ணீர் இன்னும் கொஞ்சம் கேட்கும். நேரம் இருந்தால் ஈஸ்ட்டை 2 கிராமாகக் குறைத்து இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் புளிக்கவிடுங்கள், மணமே வேறு.

ஆஸ்துமா, அலர்ஜி இருப்பவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?

சில பிஸ்கட்டுகளில் மாவை இளக்க 223 சேர்ப்பார்கள். அது சல்ஃபைட் வகை, ஆஸ்துமா உள்ள சிலருக்கு மூச்சுத்திணறல் தரும். கோதுமை, பால், முட்டை, சோயா, கொட்டைகள் இருந்தால் தனியாக அறிவிக்க வேண்டும் என்பது விதி, பட்டியலுக்குக் கீழேயே இருக்கும். வீட்டில் இருந்து கேக் விற்பவர்களிடமும் இதைக் கேட்டு வாங்குங்கள். அவர்களுக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம்.

471 விலங்குக் கொழுப்பா? சைவம் சாப்பிடுபவர்கள் வாங்கலாமா?

தாவர எண்ணெயில் இருந்தும் செய்யலாம், விலங்குக் கொழுப்பில் இருந்தும் செய்யலாம். 471 என்ற எண் மட்டும் இருந்தால் எதில் இருந்து செய்தது என்று சொல்ல முடியாது. இந்தியாவில் பாக்கெட்டில் பச்சை வட்டம் இருந்தால் தாவர மூலம்தான். முட்டை இருந்தாலே அசைவக் குறி வந்துவிடும். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ இருப்பவர்களுக்கு இந்தப் பச்சை வட்டம் கிடையாது, அங்கே 'வெஜிடேரியன்' அல்லது 'வீகன்' முத்திரையைத் தேட வேண்டும். ஹலால் முத்திரை பன்றிக் கொழுப்பு இல்லை என்று உறுதி சொல்லும், ஆனால் மற்ற விலங்குகளின் கொழுப்பு இருக்கலாம். 920 என்ற எல்-சிஸ்டீன் இருந்தால் இன்னும் கவனம் தேவை. மாவை இளக்கப் போடும் அது பறவை இறகில் இருந்தும் எடுக்கப்படுகிறது.